ஒன்பதாவது கட்டம்

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாம் என்றால் உங்கள் வீட்டுப் போன் மாமியாரின் தலைமாட்டில் இருக்கிறது என்று சொன்னாய். எனக்கும் போனில் வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

நீ கல்யாணமாகிப் போனதும் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி ஆஸ்பத்திரியில் உன் நாற்காலியில் உட்கார வைத்தார் அல்லவா, அந்த நாற்காலிக்கே இப்போது ஆட்டம் வந்துவிட்டது. நீ வேலை பார்த்த பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் புதிது வாங்கிவிட்டார். பிளாப்பியில் இருந்ததை எல்லாம் அதில் போட்டோம். நீ அடித்து வைத்த கடிதங்கள் நன்றாகத் திறக்கின்றன: பல்லைக் காட்ட வரச்சொல்லும் நினைவூட்டல், நன்றிக் கடிதம், வேலை கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லும் கடிதம். அந்தக் கடைசிக் கடிதத்தில் 'தங்கள் திறமைக்கேற்ற இடம் வேறெங்கோ தங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் பல தடவை படித்துவிட்டேன். இல்லை என்று சொல்வதைக்கூட நீ எவ்வளவு அழகாகச் சொல்கிறாய்.

நோயாளிகளின் பெயர், முகவரியை ஒவ்வொரு கடிதத்திலும் தானாக நிரப்பும் மெயில் மெர்ஜ் பைல்தான் மானத்தை வாங்குகிறது. திறந்தால் மேற்கோள் குறியும் கமாவுமாக எறும்புக் கூட்டம். எப்படியோ பிரித்துக் கட்டம் கட்டமாக நிறுத்திவிட்டேன். ஆனால் கட்டங்களுக்குத் தலைப்பு இல்லை. நீ தலைப்புகளைத் தனிப் பைலில் வைத்திருந்தாயாம், புது மெஷினை மாட்ட வந்த ஆள் சொன்னார். அது பழைய மெஷினோடு போய்விட்டது. பெயர், தெரு, பிறந்த தேதி எல்லாம் பார்த்தாலே தெரிகிறது. ஒன்பதாவது கட்டத்தில் மட்டும் 1, 2, 3 என்று இருக்கிறது. அது என்ன?

நர்ஸ் புதியவள், அவளுக்குத் தெரியாது. டாக்டர் அந்தப் பைலைப் பார்த்ததே இல்லை. மார்ச் நடுவில் எல்லாருக்கும் நினைவூட்டல் போயாக வேண்டும், இல்லையென்றால் வேலை தெரிந்த ஆளை வைத்துக்கொள்வேன் என்கிறார். வேலை போனால் அத்தை வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க அனுப்புவதாக அப்பா சொல்லிவிட்டார். அத்தையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'வாயத் தொறக்காத பொண்ணு பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்குது' என்று நர்ஸ் தினமும் சொல்லிச் சிரிக்கிறாள். நீ சீக்கிரம் எழுது.

உன்
பூனை


பிப்ரவரி 27

என் பூனைக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. என்ன பெண்ணடி நீ, ஒரு எண்ணுக்கா இத்தனை நடுக்கம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் டாக்டர் என்னைக் கேட்காமல் ஒரு தபால்தலை ஒட்டமாட்டார். இங்கே என்னவென்றால், சாதத்தில் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்பதற்குக்கூட மூன்று பேரிடம் உத்தரவு வாங்க வேண்டும். அதை விடு.

ஒன்பதாவது கட்டம் நானாக வைத்துக்கொண்ட கணக்கு. 1 என்றால் ஒழுங்காக வருகிறவர்கள். 2 என்றால் வராமல் விட்டவர்கள். 3 என்றால் பல்செட் கட்டியவர்கள். முதல் இரண்டுக்கும் வழக்கமான கடிதம் போதும். 3-க்கு மட்டும் தனியாகப் போடுவேன். அந்தக் கடிதம் பழைய மெஷினோடு போயிருக்கும். இப்படி அடி:

'எங்களிடம் பொருத்திக்கொண்டது தங்களுக்கு வசதியாக இருக்கிறதா? தங்கள் புன்னகையை நேரில் காண ஆவலாக உள்ளோம். வரும்போது அவசியம் அதை அணிந்து வரவும்.'

ஒரு எழுத்தும் மாற்றாதே.

இன்னொன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பெண்கள் பள்ளி இருக்கிறது. மணி அடித்தால் சமையலறையில் கேட்கிறது. ஜூனில் உன்னை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். விட்ட இடத்திலிருந்து படி. அப்பாவிடம் இப்போது சொல்லாதே.

உன்
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளி என்று எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் பிரித்துப் பார்த்தேன், அந்த வரி அங்கேயே இருக்கிறதா என்று. இருந்தது. என் கணக்குப் புத்தகத்தை அப்பா இன்னும் எடைக்குப் போடவில்லை. அலமாரியை அசையாமல் நிறுத்த அதைத்தான் அடியில் கொடுத்திருக்கிறார். ஜூனில் உருவிக்கொள்கிறேன்.

பைல் வேலை முடிந்த மாதிரிதான். முகவரியில் கமா இருந்த இடத்தில் எல்லாம் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. 'பூட்டுக் கடைக்கு மேல்' என்பதை ஒரு ஊராக நினைத்துக்கொண்டிருந்தது இந்த மெஷின். ஒவ்வொன்றாக இழுத்துச் சரியான இடத்தில் விட்டேன். தலைப்பு கொடுக்காததால் முதல் ஆளையே தலைப்பு என்று எடுத்துக்கொண்டது. அவர் ரிட்டயர் ஆன கண்டக்டர். நான் தலைப்பு வைக்கும்வரை கடிதத்தின் தலையில் எல்லாருக்கும் அவர் பெயரே நின்றது, அவருக்கு மட்டும் கடிதம் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நர்ஸ் எட்டிப் பார்த்து, 'அட, இதுக்குப் பல்லு இருக்கு' என்றாள்.

ஒரே ஒரு சந்தேகம். 3 போட்டவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன். பிள்ளைகளுக்கு எதற்குப் பல்செட்? திட்டாமல் சொல்.

அடுத்த வியாழக்கிழமை எல்லாவற்றையும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

உன்
பூனை


மார்ச் 7

பூனைக்கு,

கிளிப் போட்ட பிள்ளைகள், மண்டு. வாயில் எதையாவது மாட்டியவர்கள் எல்லாரும் 3. இதற்கெல்லாம் டாக்டரிடம் போய் நிற்காதே, ஒன்றும் தெரியாதவள் என்று உனக்கு முத்திரை விழும். சொன்னபடி வியாழக்கிழமை அனுப்பிவிடு, தள்ளிப் போடாதே.

பள்ளியில் பாவாடை நீலம், சட்டை வெள்ளை. விசாரித்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழக்கிழமை அனுப்ப முடியவில்லை. உறை தீர்ந்துபோய்விட்டது. கடைக்காரர் நாளை நாளை என்றார். மடித்த கடிதங்கள் என் மேசையிலேயே கிடந்தன. சனிக்கிழமை வந்த தபாலில் டாக்டர் பெயருக்கு, 'அவரே பிரிக்கவும்' என்று மேலே எழுதி ஒன்று இருந்தது. உன் கையெழுத்து. டாக்டர் வெளியூர் போயிருந்தார். வந்த தேதி முத்திரையைக் குத்தி அவர் தபால் தட்டில் வைத்தேன். எனக்காகச் சிபாரிசு எழுதியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன், அக்கா. அன்று முழுக்க எனக்கு நடையே வேறு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை உறை வந்தது. அன்றே அனுப்பினேன்.

புதன்கிழமை காலையில் டாக்டர் வந்தார். அவர் பின்னாலேயே ஒரு அம்மா வந்தார். குள்ளம், கையில் குடை, ஒரு பிளாஸ்டிக் டப்பா.

'வரச் சொல்லி எழுதியிருக்கீங்க' என்றார்.

'பேர் சொல்லுங்கம்மா' என்றாள் நர்ஸ்.

'பேரு அவரோடது. அவரு போய் ரெண்டு வருஷமாச்சு. அதான் இத மட்டும் கொண்டாந்தேன்.'

டப்பாவைத் திறந்து என் மேசையில் வைத்தார். பஞ்சுக்குள் பல்செட். 'அணிந்து வரவும்னு போட்டிருக்கு. யாரு அணியிறது, சொல்லு.'

நர்ஸ் பாதிச் சிரிப்போடு நின்றுவிட்டாள்.

'பாப்பா, நீயா எழுதினது?'

தலையாட்டினேன்.

'நல்லா எழுதியிருக்கே. புன்னகையக் காண ஆவல்னு. நானும் ரெண்டு வருஷமா அதே ஆவலாத்தான் இருக்கேன்.'

டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார். அது இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அப்புறம் போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு ஆள் என்னைத் திட்டிய திட்டை எழுத மாட்டேன். அந்த ஒன்பது வயதுப் பையனின் அம்மா திட்டவில்லை. 'அவன் பேருக்கு வந்த மொதக் கடிதம் இதுதாம்மா. அதனால கிழிக்கவும் மனசு வரல' என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்குத்தான் போனில் வாய் வராதே.

3 என்றால் இறந்தவர்கள். உன் பழைய மெஷின் அவர்களைத் தாண்டிப் போகும்படி நீதான் பழக்கியிருந்தாய்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். 'யார் சொல்லிக் குடுத்தா இத?' என்றார். அப்போதுதான் தட்டில் இருந்த உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். முகம் இளகியது. 'உங்க அக்காவுக்கு இருக்கிற பொறுப்பப் பாரு. செத்தவங்க வீட்டுக்கெல்லாம் கடிதம் போய் எல்லாரும் வருத்தப்படுறாங்கன்னு கேள்விப்பட்டு, தானாவே எழுதியிருக்கா, வந்து சரிபண்ணித் தரேன்னு. நீ நாளையிலேர்ந்து வர வேணாம்.'

நான் அந்த உறையைத் திருப்பி, நான் குத்திய முத்திரையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தேன், அக்கா. அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக.

'இது சனிக்கிழமை வந்துச்சு, சார். கடிதத்த நான் திங்கக்கிழமதான் போட்டேன்.'

பிறகு என் பையிலிருந்து உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொன்னார்: 'நீ இரு. ஆனா சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் எனக்கு வேணும்தான். பண்ணது தப்பு, ஆனா அவ வேலை தெரிஞ்சவ. அக்கா தங்கச்சி நீங்களே தீத்துக்கங்க. உனக்குச் சம்மதம்னா வரச் சொல்லு, இல்லைன்னா நீயே பதில் போட்டுரு.'

உன் விண்ணப்பம் என்னிடம் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.

நீலப் பாவாடை வரைக்கும் யோசித்திருக்கிறாயே, அக்கா. அது எதற்கு?

பூனை


மார்ச் 25

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பது அங்கே மட்டும்தான். எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் வெளியே. உன் அத்தான் வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போகிறார். மாமியாருக்கு மனம் வந்தால் திறப்பார். இதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை. உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் பால்காரர் பையில் போட்டு அனுப்பினேன், இதையும் அப்படித்தான்.

ஜனவரியில் அப்பா இங்கே வந்தபோது, திரும்பி வந்துவிடவா என்று கேட்டேன். 'கையில வேலையோட வந்தா வா, சும்மா வந்து உக்கார எடமில்ல' என்றார். இருப்பது ஒரு நாற்காலி. நீ அதில் உட்கார்ந்திருந்தாய். பத்து நாள் குழப்பம் வரும், டாக்டர் என்னைக் கூப்பிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீ சின்னவள், உனக்கு இன்னொன்று கிடைக்கும், அத்தை வீடு ஒன்றும் சிறையில்லை என்று நினைத்தேன். சிறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் உண்மை. மணி அடிப்பது உண்மை. உன்னை அழைத்துக்கொள்வது மட்டும் பொய். நீ மறுகேள்வி கேட்காமல் இருக்க ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த அம்மாவைப் பற்றி எழுதாதே. தூங்க முடியவில்லை.

மாலை வேலை போதும். உனக்குக் கீழே வேலை பார்க்கிறேன், நீ சொன்னதை அடிக்கிறேன். வா என்று ஒரு வரி போதும், பூனை. அதைக் காட்டினால் அப்பா கதவைத் திறப்பார். பால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தினமும் கேட்கிறேன்.

உன்
அக்கா


ஏப்ரல் 2

அன்புடையீர்,

எங்கள் பல் மருத்துவமனையில் பணியாற்ற விரும்பித் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.

தாங்கள் கோரிய மாலை நேரப் பணியிடம் எதுவும் தற்போது காலியாக இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் திறமைக்கேற்ற இடம் வேறெங்கோ தங்களுக்காகக் காத்திருக்கிறது என்று உறுதியாக நம்புகிறோம்.

தங்கள் பெயரும் முகவரியும் எங்கள் பைலில் சேர்க்கப்பட்டுள்ளன. ஒன்பதாவது கட்டம்: 3.

இப்பிரிவில் உள்ளவர்களுக்கு இனிக் கடிதம் அனுப்பப்பட மாட்டாது. அவர்களிடமிருந்து பதிலும் எதிர்பார்க்கப்படுவதில்லை.

இது கம்ப்யூட்டரில் அச்சிடப்பட்ட கடிதம். கையொப்பம் தேவையில்லை.