காட்டுக்கு அம்மை

2025 ஜனவரி 6, திங்கள்

இரண்டாம் பருவம் தொடங்கியது. வகுப்பில் என் வயதில் யாரும் இல்லை. பேராசிரியையே என்னைவிட இளையவர். வேளாண் உயிரிப் பாதுகாப்பு என்றால் தெருவில் எல்லோரும் ஏதோ ராணுவப் படிப்பு என்று நினைக்கிறார்கள். வெளிநாட்டுப் பூச்சியும் களையும் நுழையாமல் தடுப்பது, நுழைந்தால் பரவாமல் தடுப்பது, அதற்கான சட்டதிட்டம். அவ்வளவுதான்.

நஞ்சன்கூடு தொழிற்சாலையில் என்னிடம் வேலை கற்றவனை எனக்கு மேலே உட்கார வைத்தார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

என் மனைவி உமா சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து, "காலேஜ் புள்ளைக்கு மோர்மிளகாய் தனியா வெச்சிருக்கேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. மோர்மிளகாய் நன்றாக இருந்தது.

ஜனவரி 16

கள ஆய்வுக்கு ஊர் பிரித்தார்கள். மரவள்ளி மாவுப்பூச்சி. எனக்கு ஹனூர், தமிழ் விவசாயிகள் நிறைய இருக்கும் எல்லைப்புறம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தானாம். வேறு எங்காவது போடுங்கள் என்றேன். அது உங்கள் ஊர்தானே என்றார் பேராசிரியை. அதனால்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜனவரி 17

தூக்கம் சரியில்லை. எழுதிவிடுகிறேன்.

என் மகள் பூங்குழலி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்தார். ஹனூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். நான் வரும்வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போனபோது சுடுகாட்டில் சிதை எரிந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலிலேயே அண்ணன் என்னை மறித்தார். "நீ வந்திருக்கக் கூடாது" — ஒரே வாக்கியம். அப்பா முகத்தைப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. தீபா கல்யாணத்துக்கும் போகவில்லை. அண்ணனின் ஒரே மகள் அவள்.

ஜனவரி 25

என்னோடு சேர்த்துவிட்ட பெண் ஜீவிதா. மைசூரிலேயே பிறந்தவள். தமிழ் பேசினால் நடுவில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இல்லையா' என்பதற்கு அவள் "அல்வா?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கிறது.

விவசாயிகளுக்குத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுத வேண்டும். பூச்சி பிடித்த காட்டிலிருந்து எதையும் வெளியே கொண்டுபோகாதீர்கள் என்பதுதான் செய்தி. எங்கள் ஊரில் மரவள்ளி போடும் நிலமும் காடுதான். 'தனிமைப்படுத்தல்' என்று எழுதினேன். படித்துக் காட்டியதும் ஜீவிதா முகம் சுளித்தாள்.

"அந்த வார்த்தை பேட அங்கிள், வேண்டாம். கொரோனா டைம்ல எங்க ரோடுக்கே தகரம் அடிச்சாங்க அல்வா? அதைக் கேட்டா ஜனங்க பூச்சியை ஒளிச்சு வெச்சுக்குவாங்க."

சரியாகத்தான் சொல்கிறாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஹனூர். அண்ணன் காட்டை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்றிருந்தேன். எது யாருடையது என்று ஜீவிதாவுக்குத் தெரியாதே. நேராக அதற்குள்ளேயே போய் நின்றாள்.

"அங்கிள், இங்க வாங்க! சிக்கிடுச்சு!"

குருத்து முட்டைக்கோசு மாதிரி சுருண்டிருந்தது. உள்ளே வெள்ளையாக மாவுப்பூச்சி. செடிக்குச் செடி.

"ஆரு புள்ள அது, காட்டுக்குள்ள லென்சு வெச்சுப் பாக்கறது?" — அண்ணன் குரல். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"சாப்ட்டியா?" என்றார்.

"பூச்சி இருக்கு" என்றேன். இத்தனை வருடம் கழித்து நான் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த வாரம் கிழங்கு தோண்டப் போகிறாராம். தோண்டியதும் செடித் தண்டை வெட்டிய குச்சியெல்லாம் தீபாவின் மாமனார் மல்லப்பனுக்கு, நடுவதற்கு. குச்சியோடு பூச்சியும் போகும். ஆனால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர்களுக்குக் குச்சியை விற்பதில்லை. கேட்டால் இல்லை என்பதும் இல்லை. துறைமுகத்துக்கு வரும் சரக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்குப் போகும் குச்சிக்கட்டைப் பற்றி ஒரு வரியும் படித்ததில்லை.

கொடுக்கக் கூடாது என்றேன்.

"பேசாம இருந்தவன் பேச வந்ததும் என்ற காட்டுக்குச் சீக்குங்கறான்" என்று ஜீவிதாவிடம் சொன்னார். பிறகு என்னிடம்: "சம்பந்தி மொத வாட்டி வாயத் தொறந்து கேட்டிருக்காரு. இல்லீங்கன்னா என்ற புள்ள அந்த வூட்டுல எப்பிடித் தலை நிமுந்து நிக்கும்? உன்ற படிப்பா வந்து நிக்கும்?"

எனக்கு ஆத்திரம். "வூட்டுல அம்மை போட்டிருந்தா குடுப்பியாண்ணா? ஒரு கை உப்பு வெளிய போகுமா? அதுக்கு ஆராச்சும் கோவிச்சுக்குவாங்களா?"

அவர் என்னையே பார்த்தார்.

"நீ கோவிச்சுக்கலையாடா?"

புரியவில்லை.

"அன்னிக்கு உன்ற வூட்டுல அம்மை. அம்மை வூட்டு ஆளு சாவு வூட்டுக்குள்ள வந்தா புள்ளைக்கு ஆகாது. அப்பன் வாழ்ந்து முடிச்சவரு. குழலிக்கு ஏழு வயசு. நீ வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டா நீ பாதியிலயே திரும்பிருவேன்னு நெனச்சேன். வாசல் வரைக்கும் வந்துட்டே."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"மாரியாத்தா பேச்சைச் சாவு வூட்டுல எடுப்பாங்களா? அப்பறம் சொல்லலாம்னா நீ போனை எடுத்தாத்தானே!"

பஸ்ஸில் வரும்போது ஜீவிதா ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நல்ல பெண்.

பிப்ரவரி 3

குழலிக்கு அம்மை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லையே. வைரஸ் காய்ச்சல், இதில் ஊரைக் கூட்ட என்ன இருக்கிறது என்று இருந்தேன். உமாவைக் கேட்டேன்.

"நான்தான் ஹனூர் அக்காகிட்ட, உங்க அண்ணிகிட்ட சொன்னேன், வேப்பிலை வேணும்னு. மைசூர்ல வேப்பமரமே இல்லையான்னு கேட்டாங்க. ஏன், இப்ப என்ன அதுக்கு?"

ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 4

அந்த வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்பா முகத்தைப் பார்க்காதது பார்க்காததுதான். ஆனால் அவர் பயந்தது என் பிள்ளைக்காக.

பிப்ரவரி 11

அண்ணனிடமிருந்து போன். எடுத்தேன். கிழங்கு தோண்டியாகிவிட்டது. "வேலியில வேப்பந்தழை கட்டியிருக்கேன். ஞாயித்துக்கெழம சம்பந்தி வாராரு. நீயும் வந்துரு. எனக்கு ஒண்டியா பேச வராது."

பிப்ரவரி 16, ஞாயிறு

மல்லப்பன் டெம்போவோடு வந்துவிட்டார். தழையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"ஆருக்குங்க சம்பந்தி?"

"காட்டுக்குங்க."

மல்லப்பன் முகம் மாறியது. "குடுக்க மனசில்லைன்னா நேராச் சொல்லீருங்க. ஆத்தா பேரை எதுக்கு இழுக்கறீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் குச்சிக் குவியலிலிருந்து ஒரு குருத்தை உடைத்து, வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பிரித்துக் காட்டினேன். லென்ஸை நீட்டினேன். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"அட... முத்துப் போட்டிருக்குதே" என்றார் மெதுவாக.

மாவுப்பூச்சியை நாங்கள் எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறோம். அம்மை முத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கையைக் கூடத் தொடையில் துடைக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கழுவினார். காலி டெம்போவில் ஏறினார். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. அம்மை வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அவர் சொல்லாமல் போனதில்தான் எங்களுக்கு உயிர் வந்தது.

அண்ணன் குச்சிக் குவியலுக்குத் தீ வைத்தார். அது எரிந்து முடியும்வரை இருவரும் நின்றோம்.

பிப்ரவரி 27

துண்டறிக்கையின் தலைப்பை மாற்றிவிட்டேன்: 'காட்டுக்கு அம்மை போட்டிருக்கிறது. குச்சி கொடுக்க வேண்டாம், கேட்க வேண்டாம்.' இது அறிவியலா என்று கேட்டார் பேராசிரியை. கீழே பூச்சியின் பெயர், படம், அதை அழிக்கும் சின்னக் குளவியைப் பற்றிய விவரம், எல்லாம் இருக்கிறது என்றேன். ஜீவிதா அவருக்குக் கன்னடத்தில் என்னென்னவோ சொன்னாள். கையெழுத்து வந்துவிட்டது.

சாயங்காலம் தீபா பேசினாள். "சித்தப்பா, எங்க மாமனாரு ஊரெல்லாம் போயிச் சொல்லீட்டு வாராரு, இந்த வருசம் ஆரும் ஆருகிட்டயும் குச்சி வாங்காதீங்கன்னு. என்ற அப்பாவை நல்ல மனுசன்னு சொன்னாரு." அவள் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது.

ஏப்ரல் 12, சனி

ஹனூரில் நேற்று நல்ல மழை. காலையிலேயே அண்ணன் போன்.

"காட்டுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுடா. இனி ஆளு வரலாம். குழலியக் கூட்டிட்டு வா."

உமா பரண்மேலிருந்து பெரிய பையை இறக்கச் சொன்னாள். ஒரு நாளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பை என்றேன். பைக்குள் இன்னும் இரண்டு புடவையை வைத்தாள்.

குழலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியப்பா எப்படி இருப்பாங்கப்பா? எனக்கு முகமே ஞாபகம் இல்லை."

"என்னை மாதிரிதான்."

"ஐயோ" என்றாள்.