ஏழாவது அட்டை

அண்ணை,

இன்று காலை குளிர் மேலங்கியின் கிழிந்த பையைத் தைக்க உட்கார்ந்தேன். உள்துணிக்குள் ஏதோ சரசரத்தது. விரலை விட்டு இழுத்தால் ஓர் அட்டை. அதன் முதுகில் ஒட்டியபடி ஒரு யூக்கலிப்டஸ் இனிப்பு. இனிப்பு உருகி இறுகியிருந்தது. வாசம் மட்டும் போகவில்லை. அட்டையின் மூலையில் என் கையெழுத்தில் 7 என்று இருந்தது.

நீங்கள் இருந்திருந்தால் உடனே தொலைபேசியை எடுத்திருப்பேன். அதற்கு வழியில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்த அடுத்த மாரி அது. ஹம் நகரத்து முதியோர் இல்லச் சமையலறையில் நீங்கள் கிழங்கு பொரிப்பீர்கள்; எண்ணெயை அளவில்லாமல் ஊற்றித் தலைமைச் சமையற்காரியிடம் ஏச்சு வாங்குவீர்கள். நான் பாத்திரம் கழுவுவேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் என்னை மாஸ்டர் என்று அழைத்தீர்கள். கொலோனில் ஒரு தமிழ்ச் சங்க விழாவில் லிமரிக் என்ற ஆங்கில வேடிக்கைப் பாட்டுகளைப் பற்றிப் பேசக் கேட்டபோது இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை எனக்காக ஓம் சொன்னவர் நீங்கள். இந்த நாட்டுக்கு வந்தபின் நான் ஏறவிருந்த முதல் மேடை. தடுமாறினால் இனி எந்த மேடையும் வேண்டாம் என்று தீர்மானித்துத்தான், பேச்சுக் குறிப்பு அட்டைகளோடு, உங்களுடன் ரயில் ஏறினேன்.

"எத்தினை அட்டை மாஸ்டர்?"

"பன்னிரண்டு."

"பாட்டு அஞ்சு வரி. விளக்கம் பன்னிரண்டு அட்டையோ?"

ரயில் ஹாகன் நிலையம் தாண்டியதும் ஏழாவதை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். விருந்துகளில் ஒருவர் மாறி ஒருவர் புதிதாகப் பாட்டுக் கட்டுவார்களாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, அயர்லாந்தின் லிமரிக் ஊருக்கு வரச்சொல்லிப் பாடுவார்களாம். பெயர் அப்படி வந்தது என்கிறார்கள்.

"நல்லாத்தானே கிடக்கு. பிறகென்ன?"

"சான்று போதாது அண்ணை. விடுவமோ எண்டு யோசிக்கிறன்."

"யோசிச்சா பாட்டு வராது. ஆராய்ச்சிதான் வரும்." தொண்டைக்கு நல்லது என்று இனிப்பு ஒன்றை நீட்டினீர்கள். இனிப்பையும் அட்டையையும் ஒன்றாக மேலங்கிப் பைக்குள் வைத்தேன். பையில் ஓட்டை இருந்தது எனக்குத் தெரியாது.

மேடையில் ஆறு அட்டைகள் ஒழுங்காகப் போயின. முதல், இரண்டாம், ஐந்தாம் வரிகள் ஒரே ஓசையில் முடியும், நடு இரண்டும் குட்டை என்றேன். பெயரைவிடப் பாட்டுக்கு வயது கூட என்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறுவருக்கான படப் புத்தகம் ஒன்று அதைப் பரப்பியது. முன்பெல்லாம் கடைசி வரி முதல் வரியையே திருப்பிச் சொல்லும், பிறகுதான் அது குத்தக் கற்றுக்கொண்டது என்றேன். "இனி, இந்தப் பெயர் வந்த கதை" என்று அட்டையைப் புரட்டினேன். கையில் எட்டு இருந்தது.

தலையைக் குனிந்து தேடினேன். மண்டபம் அமைதியானது. கூட்டம் என்றால் முதலில் விளக்கேற்றி, போரில் இறந்தவர்களுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவது எங்கள் வழக்கம். அன்று விழா பிந்தியதால் அதை விட்டிருந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என் குனிந்த தலையைப் பார்த்து எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அடுத்தவர். கடைசியில் மண்டபம் முழுவதும் கைகட்டித் தலைகுனிந்து நின்றது. இருக்கச் சொல்லவும் பயம், பேசவும் பயம். மூன்றாம் வரிசையில் நீங்கள் மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு நிமிடம் கழியும்வரை காத்திருந்து, கனைத்தீர்கள்.

ஹம்மிலிருந்து வந்தார் எங்கட மாஸ்டர்,
வாயில ஆர் போட்டது பிளாஸ்டர்?
அட்டையில ஒண்டு காணேல்லை,
ஆளின்ர சத்தம் கேக்கேல்லை,
நிக்கிறார் சுவரில ஒட்டின போஸ்டர்.

முதலில் சிரித்தவர் அந்தப் பெரியவர்தான். நீங்கள் கைதட்டி, "வாருங்கோ வாருங்கோ, ஹம்முக்கு வாருங்கோ" என்று தொடங்க, மண்டபம் சேர்ந்துகொண்டது. ஓர் அக்கா எழுந்து உங்கள் தொப்பையைப் பற்றி ஐந்து வரி சொன்னார். மறுபடி வாருங்கோ. இன்னொருவர் சங்கத் தலைவரைப் பிடித்துக்கொண்டார். சான்று போதாது என்று நான் தயங்கிய கதை என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. மிச்ச அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு, மனதில் இருந்ததைப் பேசி முடித்தேன். அதன்பின் நான்கு மேடைகள் ஏறிவிட்டேன்.

திரும்பும் ரயிலில் கேட்டீர்கள்: "எனக்குப் பதில் பாட்டு எங்கை மாஸ்டர்?"

"உடன ஏலாது அண்ணை."

"ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் எங்கை போறன்?"

போன மாரியில் உங்கள் செத்தவீட்டில் எல்லோரும் மௌனமாக நின்றபோது எனக்கு பிளாஸ்டரும் போஸ்டரும் நினைவுக்கு வந்தன. சிரிப்பை அடக்கத் தலையை இன்னும் குனிந்தேன். நன்றாக அழுகிறேன் என்று நினைத்து யாரோ தோளைத் தட்டினார்கள்.

பையைத் தைத்துவிட்டேன். இனிப்போடு அட்டையை மீண்டும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் இன்று எழுதியது இது:

ஹம்மில எனக்கு இருந்தார் ஒரு அண்ணை,
கிழங்குப் பொரியலுக்கு ஊத்துவார் போத்தலா எண்ணை;
பாட்டொண்டு கேட்டார்,
பதில்வரக் காத்தார்,
முடிச்சு நிமிர்ந்தன், மூடிட்டார் கண்ணை.

இரண்டாம் வரி கொஞ்சம் நீளம். திருத்தலாம். திருத்தினால் அது ஆராய்ச்சியாகிவிடும்.