சூட்டை உறிஞ்சின தகடு

தை 6, செவ்வாய்

காலையில் நல்ல பனி. ஆலைக்கொட்டகையில் இன்று முதல் எங்கள் முறை. ஐந்து நாள் நாங்கள் வெல்லம் காய்ச்சணும், அடுத்த ஐந்து நாள் பெரியப்பா. அடுப்பு, கொப்பரை எல்லாம் பொது. பேச்சுவார்த்தைதான் கிடையாது. போன வருஷம் கிணற்றுத் தகராறில் அப்பாவின் மண்டையைப் பெரியப்பா மண்வெட்டிக் காம்பால் உடைத்ததிலிருந்து இப்படி.

அண்ணன் சேலத்திலிருந்து வந்தான். பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். போர்வையில் சுற்றி ஒரு சோலார் தட்டு. கல்லூரியில் இரவல். உடைந்தால் பரிட்சை எழுத விடமாட்டார்களாம். "கைக்கொழந்தையாட்டம் பாத்துக்க, சரசு." பையில் தீப்பெட்டி அளவு வெள்ளைத் தகடுகள். ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிர்ந்தால் கரண்ட் வரும் என்கிறான். அடுப்பின் பக்கச்சுவரில் கட்டினோம். வெயிலையும் அடுப்பையும் சேர்த்து எவ்வளவு அதிகம் எடுக்க முடியும் என்பது அவனுடைய பரிட்சை வேலை.

தை 7, புதன்

கடும் வெயில். என் வேலைகள்: தட்டை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பது. அதன் முதுகில் ஈரச்சாக்கு. தகடுகளின் வெளிப்பக்கம் வாய்க்கால் தண்ணீர். தட்டு சூடானால் கரண்ட் குறைகிறது, தகட்டுக்கோ சூடுதான் சோறு. இரண்டையும் நேராகச் சேர்த்தால் ஒன்று மற்றதை இழுக்கிறது. எங்கள் குடும்பம் மாதிரி. அண்ணன் தனித்தனியாக ஒயர்ச் சுருளை மாற்றிப் போட்டுப் பார்க்கிறான். மீட்டர் இரண்டு, ஒன்று வோல்ட், ஒன்று ஆம்பியர். ஒரு முள் ஏறினால் மற்றது இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் எங்கே அதிகமோ அங்கே நிறுத்தணும்.

பெரியப்பா மகன் குமரேசன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏண்டி ஊமை, வெயிலைப் புடிச்சு சாக்குல கட்டறியா?"

நான் குனிந்துகொண்டேன். எப்போதும் போல. கல்லை எடுத்தான். தட்டுக்குத்தான் குறி. மேலே கவிழ்ந்துகொண்டேன், முதுகில் விழுந்தது. அண்ணன் வேலி தாண்டி அவன் வாயில் குத்தினான். ரத்தம். அப்பா வந்து அண்ணனைச் சாட்டைவாரால் விளாசினார்.

குளிக்கும்போது முதுகு எரிந்தது.

தை 9, வெள்ளி

வெயில், காற்று. மத்தியானம் இதுவரை வராத அளவு கரண்ட் வந்தது. அண்ணன் துள்ளினான். இன்னும் ஒரு நாள் அளந்தால் போதுமாம். புளிக்குழம்பு அடிபிடித்துவிட்டது, அம்மா திட்டு.

தை 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

பெரியப்பா முறை தொடங்கிவிட்டது. அடுப்பு ஆறாததால் தகடுகளைக் கழற்ற முடியவில்லை. "ஆறுனதும் கழட்டிக்கறேனுங்க பெரியப்பா" என்றான் அண்ணன். அவர் காறித் துப்பினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அவர் காய்ச்சிய வெல்லம் உருண்டை பிடிக்கவில்லை. கூழாக நின்றது. உப்புத் தண்ணீர்க் கரும்பு, போன வருஷமும் இதே கதிதான். மறுபடி கொப்பரையில் கொட்டிக் கொதிக்கவிட்டார்கள். அப்போது அவர் பார்வை தகடுகள்மேல் போனது.

"என்ற அடுப்புச் சூட்டைப் பூரா உறிஞ்சிப்போட்டானுங்கடா! பாகு எப்படிடா இறுகும்?"

கடப்பாரையால் தகடுகளைப் பெயர்த்தார். தடுத்த அண்ணனைக் குமரேசன் சக்கைக் குவியலில் தள்ளி மிதித்தான். முகத்தில், வயிற்றில். அண்ணன் வாயெல்லாம் ரத்தத்தோடு "தட்டு, தட்டு" என்றான். குமரேசன் விறகுக்கட்டை எடுக்கத் திரும்ப, அண்ணன் என் பக்கம் தவழ்ந்து வந்தான். பெரியப்பா தட்டின் முன்னால் போய்க் கடப்பாரையை ஓங்கினார்.

அகப்பை கையில் எப்படி வந்தது தெரியவில்லை. கொதிக்கிற பாகை மொண்டேன். அவர் கைமேல் ஊற்றினேன். கடப்பாரை விழுந்தது. அவர் உதறினார், பாகு விடவில்லை. பிய்த்தார், தோலும் வந்தது. மாடு அலறுவது போல அலறினார். குமரேசன் திரும்புவதற்குள் அண்ணன் என் கையிலிருந்து அகப்பையைப் பிடுங்கிக்கொண்டான்.

தை 12, திங்கள்

மேகம். தட்டில் ஒரு கீறல் இல்லை. அண்ணனுக்கு உதட்டில் தையல். தான்தான் ஊற்றியதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டான். அப்பாவும், "பொட்டப்புள்ள பேரு வெளிய வந்தா எவன் கட்டுவான்? அப்படியே இருக்கட்டும்."

கேஸ் ஆனால் பரிட்சை? ஆனால் எனக்கு வருத்தம் இல்லை. இன்னொரு தடவை ஓங்கினாலும் ஊற்றுவேன்.

தை 13, செவ்வாய்

ஏட்டு வந்தார். கூடவே பெரியப்பா, குமரேசன், பாதி ஊர். அண்ணனை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். அப்பா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். புறக்கடை வழியாகச் சுற்றி வந்தேன். இத்தனை ஆம்பிளைகள் முன்னால் வாய் திறந்ததே இல்லை.

"ஊத்துனது நானுங்க."

குமரேசன் சிரித்தான். "இந்த ஊமையா? பல்லியப் பாத்தாலே மயக்கம் போடுவாளுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டும்.

"அவரையே கேளுங்க" என்றேன்.

"ஏனுங்க பெரியவரே, இந்தப் புள்ளையா உங்களைச் சுட்டது?" என்றார் ஏட்டு.

பெரியப்பா கட்டுப் போட்ட கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. "சொல்லுங்கப்பா" என்றான் குமரேசன். சிரிப்பு நின்றுவிட்டது. நான் எதிரே நிற்கும்போது அண்ணன் பேரைச் சொல்ல முடியாது, பொட்டப்புள்ள சுட்டது என்று ஊர் முன்னால் சொல்லவும் முடியாது.

"யாரும் ஊத்துலீங்க. நானே தவறிக் கொப்பரையில கையை உட்டுட்டனுங்க."

ஏட்டு எழுதியதை அடித்தார்.

அவர்கள் தெருமுனை தாண்டும் முன்பே அப்பா என்னை அறைந்தார். காது கொய்ங் என்றது. தட்டைக் கட்ட அண்ணன் கயிறு கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.