குளச்சல் கடைச் சுவரில் நான்

குதைபியா, மனாமா
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி கிளிட்டசுக்கு,

அக்கா தேவகனி எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் பெர்சியும் பிள்ளையும் சுகம் என்பதை பெர்சி அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் இந்தக் காலத்திலும் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி டிரைவர் மீராசா காக்கா லீவில் ஊருக்கு வருகிறார். நீ முழுவதும் வாசித்து முடிக்கும்வரை கடையை விட்டு நகர வேண்டாம் என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

முதலில் நல்ல செய்தி. மருந்தாளுநர்களுக்கான போர்டு பரீட்சையில் பாஸாகிவிட்டேன். கூட தங்கியிருக்கும் நர்ஸ் ரெஷ்மா சீரியல் பார்க்கிற அதே அறையில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துப் பாஸானேன். ஆஸ்பத்திரியில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று டோக்கன் நம்பரைக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது, தம்பி. அந்த வேலை கிடைத்தால் டாக்டர்களோடு வார்டுக்குப் போகலாம். இவருக்குச் சிறுநீரகம் சரியில்லை, இந்த அளவு தாங்காது என்று மருந்து எழுதும் முன்பே சொல்லலாம். நான் படித்த படிப்பு அதற்குத்தான்.

ரெஷ்மாவும் நானும் கேக் வெட்டிச் சாப்பிட்டோம். மறுநாளே எச்.ஆரிலிருந்து ஹாலிதா மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். பதவி உயர்வுக்கு முன்னால் நம் ஊர் மருந்தாளுநர் பதிவைச் சரிபார்ப்பது இங்கே வழக்கம். சரிபார்த்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? தேவகனி என்கிற மருந்தாளுநர் குளச்சலில் ஒரு மருந்துக்கடையில் முழுநேர வேலையில் இருக்கிறார் என்று. நீ எப்படி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் மருந்து கொடுக்கிறாய் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த மாதக் கடைசிக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் கலாஸ், அவ்வளவுதான், வேலை சுஷ்மிதாவுக்குப் போய்விடும் என்றார்கள். சுஷ்மிதா நான் வேலை பழக்கிய பெண். கெட்டிக்காரி. அவள் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு? பொறாமையாகத்தான் இருக்கிறது. வயிறு எரிகிறது.

கடைக்குப் பதிவு பெற்ற ஆள் கிடைக்கும்வரை உன் பார்மசிஸ்ட் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன் என்றுதானே கேட்டாய்? நான் பிளேன் ஏறின பிறகு நீ ஆளே தேடவில்லை. இத்தனைக்கும் ஆளை வெளியே தேட வேண்டாம், நீயே இருக்கிறாய். டி.பார்மில் இரண்டே இரண்டு அரியர். உனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அதற்கு ஸ்கூலும் சேர்த்தாகிவிட்டது. அந்த இரண்டு பேப்பர் மட்டும் அப்படியே கிடக்கிறது. போன தடவை பரீட்சை அன்றைக்குக் கடையில் கூட்டம் என்றாய். அதற்கு முந்தின தடவை காய்ச்சல். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவனுக்குக் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்கவில்லையா?

கிறிஸ்துமசுக்குப் பெர்சி அனுப்பின படத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் என் சான்றிதழைச் சுற்றி சீரியல் பல்பு போட்டிருந்தாய். செத்துப்போனவள் படம் மாதிரி இருந்தது. அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

போன மாதம் ஒரு கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாகப் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பை நீ கொடுத்துவிட்டாய் என்றும், பெர்சி ஓடிப்போய்த் திரும்ப வாங்கி வந்தாள் என்றும் அவளே அழுதுகொண்டு சொன்னாள். அவளைத் திட்டாதே. அந்த மருந்தைக் கொடுத்தது உன் கை. சட்டப்படி கொடுத்தது நான். ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் இங்கிருந்து நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? இதை உன்னிடம் சொல்லும்போதெல்லாம், ஒண்ணும் ஆவாது அக்கா, நான் பாத்துக்கிடுதேன் என்கிறாய். நீ எதைப் பார்த்துக்கொண்டாய்?

நான் என் பெயரை எடுத்துவிட்டால் கடை நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பதிவு பெற்ற வேறு ஆள் வந்து உட்காரும்வரை ஷட்டரைத் திறக்கக் கூடாது. வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கடையால்தான் என்பதும் தெரியும். அதை நினைத்து நினைத்தே இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆள் வரும்வரை வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அந்த நாட்களில் புத்தகத்தை எடு. பார்மகாலஜி புரியவில்லை என்றால் வீடியோவில் கூப்பிடு, தினமும் சொல்லித் தருகிறேன். எவ்வளவு கோபத்திலும் அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கவர் இருக்கிறது. இந்தக் கடையில் நான் வேலையில் இல்லை, என் பெயரை நீக்கிவிடுங்கள் என்று மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேரே அலுவலகத்துக்கே அனுப்பு, தம்பியாவது தங்கச்சியாவது என்று ரெஷ்மா சொன்னாள். அனுப்பியும் இருக்கலாம், ஒரு ஸ்டாம்ப் போதும். தபால் ஆபீஸ் வாசல்வரை போனேன். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மாதா உன்னையும் பெர்சியையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். இந்தக் கவரை நீயே கொண்டுபோய்க் கொடு, கிளிட்டஸ். உன் கடையை என்னைப் பூட்ட வைக்காதே.

கோபம் தீராத உன் அக்கா,
தேவகனி