ஏழாம் இருக்கை

பைன் ஹார்பர்,
மே 16

அன்புள்ள தம்பி டேலுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் ஆன்கேயும் குட்டிப் பெண் லீனாவும் நலம்தானே? போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். நான்கு கிறிஸ்துமஸாக உன்னிடமிருந்து வாழ்த்து அட்டை மட்டும்தான் வருகிறது, அதிலும் ஆன்கேயின் கையெழுத்து. பரவாயில்லை, இன்றைக்கு உன்னோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. நான் சண்டை போட வேண்டிய ஆட்கள் நியூயார்க்கில் இருக்கிறார்கள்.

நேற்று மாலை லீக் இந்த வருட ஆட்ட அட்டவணையை வெளியிட்டது. நம் சாயர்ஸ் அணிக்குச் சொந்த ஊரில் எட்டு ஆட்டம். அந்த எட்டில் ஒன்றைப் பிடுங்கி மியூனிக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆமாம், உன் ஊருக்குத்தான்! நவம்பர் ஒன்பதாம் தேதி. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற நம் அமெரிக்கக் கால்பந்தை, காலால் மட்டுமே உதைக்கத் தெரிந்த ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறார்கள். இப்போதைக்கு ஒரு ஆட்டம், பிறகு இரண்டு, கடைசியில் ஐரோப்பாவிலேயே ஒரு அணியைக் குடிவைத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

மார்ஜின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து செய்தி பார்த்தோம். ரோலண்ட் கிளாசனை நினைவிருக்கிறதா? மைதானத்தில் நமக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து முப்பது வருடமாக நம் கழுத்தில் பீர் சிந்துகிறவன். "ஆட்டம் வளரணுமாம்ல? வளர்றதுக்கு இது என்ன பூசணிக்கொடியா, கண்ட வேலியிலயும் ஏத்திவிட?" என்று மேசையைக் குத்தினான். மார்ஜ் அவன் தட்டைப் பிடித்துக்கொண்டே, "மேசையை உடைக்காதடா. ஒரு ஆட்டம் போனா எனக்கு ஒரு மாச வியாபாரம் போச்சு. ஜெர்மன்காரனுக்கே போய் சாசேஜ் விக்கப் போறானுங்களே, அவன் சிரிக்க மாட்டானா?" என்றாள்.

நான் அங்கேயே ஒரு காகிதம் வாங்கி மனு எழுதிவிட்டேன். இன்று மதியத்துக்குள் முந்நூறு கையெழுத்து! பள்ளிப் பேருந்து ஓட்டுவதில் இது ஒரு வசதி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெற்றோர் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையை இறக்கிவிட மாட்டேன் என்று நான் மிரட்டியதாகப் பள்ளிக்கு ஒரு புகார் போயிருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னேன். பாதி விளையாட்டுக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் அணியின் டிக்கெட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா மைதானத்திலுள்ள தன் சீசன் டிக்கெட் இருக்கையை உயிலில் உன் பெயருக்கு எழுதிவைத்தார் அல்லவா, பதினேழாம் வரிசை, ஏழாம் இருக்கை. பெயருக்கு உரியவர் தொடர்ந்து ஐந்து சீசன் ஒரு உள்ளூர் ஆட்டத்துக்காவது வரவில்லை என்றால் இருக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். நீ வராதது நான்கு சீசன். இது ஐந்தாவது. வேறு யாரையும் அனுப்பக் கூடாது, அடையாள அட்டையோடு நீயேதான் வாசலைத் தாண்ட வேண்டும். காத்திருக்கும் பட்டியலில் முப்பதாயிரம் பேர் நிற்கிறார்கள். குழந்தையின் தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே அதில் பெயரைப் பதிகிற ஊர் இது, உனக்குத் தெரியாததா?

நான் எட்டாம் இருக்கையில் உட்கார்ந்து என் கோட்டை ஏழில் போட்டுவைக்கிறேன். "சும்மாத்தானே கெடக்கு, என் மச்சானைக் கூட்டியாரட்டா?" என்று ரோலண்ட் கேட்காத வாரம் கிடையாது. ஆள் வருகிறது என்பேன். நான்கு வருடமாக ஆள் வந்துகொண்டே இருக்கிறது.

எட்டு ஆட்டம் இருந்தால் ஒன்றுக்காவது உன் மனம் இளகாதா என்று பார்த்தேன். அந்த எட்டில் ஒன்றையும் மியூனிக்குக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது உனக்கு மிச்சம் ஏழே ஏழு! நான் மனுவோடு தெருவில் இறங்காமல் என்ன செய்வேன், சொல்.

ஆன்கேக்கு என் அன்பு. லீனாவுக்கு முத்தம்.

கோபம் தீராத அக்கா,
வெர்னா


பைன் ஹார்பர்,
ஜூன் 24

அன்புள்ள டேல்,

உட்கார்ந்துகொண்டு படி. உன் அக்கா ஒரு வடிகட்டிய முட்டாள். இதை நீ பத்து வயதிலேயே சொன்னாய், நான்தான் காதில் வாங்கவில்லை.

நேற்று பள்ளி உள்ளரங்கில் கூட்டம். லீக்கிலிருந்து ஃபேர்லி என்று ஒருவர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நம் சேற்று ஊருக்கு வெள்ளைக் காலணியோடு வருகிற அளவுக்கு வெகுளி. அறுநூறு பேர் கூடிவிட்டோம். என் கையில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் வரிசையில், அணியின் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணப் பெண்ணைப் போல உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ரோலண்ட் எழுந்தான். "ஐயா, இங்க நாங்க பனியில உட்கார்ந்து மூக்கு உறைஞ்சு வளர்த்த டீம் இது. பத்து மணி நேரம் பறந்துட்டு வந்து எங்க பசங்க அடுத்த வாரம் எப்படி ஓடுவானுங்க? நீங்க ஓடுவீங்களா?" என்று கேட்டான். கைதட்டல் அடங்கவே இல்லை. ஃபேர்லி பொறுமையாக, வெளியூர்களில் லட்சக்கணக்கானவர்கள் விடிய விடிய விழித்திருந்து நம் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு ஒரே ஒரு மதியமாவது தரக்கூடாதா என்று கேட்டார்.

யாரும் எதிர்பார்க்காமல் வேதியியல் ஆசிரியர் நாவக் அவருக்குப் பக்கபலமாகப் பேசினார். "என் வீட்டுல தங்கிப் படிச்ச ஜெர்மன் பையனுக்கு நம்ம டீமோட மாற்று ஆட்டக்காரன் பேருகூட மனப்பாடம். உங்க எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குப் பிடிச்சதை இன்னொருத்தனும் ரசிச்சா நமக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்றார். அவரை உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

பிறகு என் முறை. ஆலைச் சங்கில் ஆரம்பித்தேன். நம் அணி எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்தால் பழைய மர அறுவை ஆலையின் சங்கு ஊதுமே, அது மியூனிக்கில் ஊதுமா என்று கேட்டேன். பதிவு செய்து ஒலிபரப்புவோம் என்றார். "பதிவு பண்ண சங்கா! அப்ப ஆட்டத்தையும் பதிவு பண்ணி அனுப்புங்களேன், எங்க பசங்க இங்கயே இருக்கட்டும்" என்றேன். அரங்கமே அதிர்ந்தது. டேல், அந்த ஒரு நிமிடம் நான் மேயராகப் போட்டியிட்டிருந்தால் ஜெயித்திருப்பேன்.

அவரும் கொஞ்சம் சூடாகிவிட்டார். "அம்மா, மியூனிக் ஆட்டம் உங்களோட உள்ளூர் ஆட்டம்தான். இடம் மட்டுந்தான் வேற. சீசன் டிக்கெட் வச்சிருக்கிறவங்க யார் கேட்டாலும் அதே எண் இருக்கை அங்கயும் கிடைக்கும். உள்ளூர் ஆட்டத்துக்கு உள்ள எல்லா விதியும் இதுக்கும் பொருந்தும்" என்றார்.

"எல்லா விதியுமா?" என்றேன். எல்லாமே என்றார். "வருகைக் கணக்கு? பேர் இருக்கிற ஆள் அங்க வந்தா, வந்ததா எழுதிப்பீங்களா?" என்று மறுபடி கேட்டேன். அதிலென்ன சந்தேகம் என்பது போலத் தலையாட்டினார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அறுநூறு பேரும் என்னையே பார்த்தார்கள். மனு மடியில் கிடக்கிறது. தம்பி இருக்கிற ஊருக்கே ஆட்டம் கிளம்பி வருகிறது, அதை நிறுத்தத்தான் நான் ஐந்து வாரமாக வீடு வீடாக அலைந்திருக்கிறேன்!

பின்னாலிருந்து ரோலண்ட் என் தோளை இடித்தான். "என்ன வெர்னா, எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டான். நான்கு வருடமாக ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்று சொன்னவள், என் தம்பி என்னோடு பேசுவதில்லை என்று மைக்கில் எப்படிச் சொல்வேன்? மனு மற்றவர்களின் கையெழுத்து, அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. முதல் பெயரை, என் பெயரை மட்டும் அடித்துவிட்டு, காகிதக் கட்டை ரோலண்டிடம் கொடுத்து, நீயே கொடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இன்று காலை மார்ஜின் கடையில் என் காபியை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒரு அணி ஐரோப்பாவிலேயே குடியேறுவது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, அதை எழுதிவைத்துக்கொள். ஆனால் வருடத்தில் ஒருநாள் விருந்தாளியாகப் போய்வரலாம். யார் வீட்டில் நம் மனிதர்கள் இருக்கிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு.

நீ பைன் ஹார்பருக்கு வர வேண்டாம். இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன் என்றாய், சரி, மிதிக்காதே. உன் வீட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தானாம், வரைபடத்தில் பார்த்தேன். இரண்டு இருக்கைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வருவாயா?

பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் தொந்தரவு செய்யப் போகிற,
உன் அக்கா வெர்னா


பைன் ஹார்பர்,
அக்டோபர் 20

என் அன்புத் தம்பி,

நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நீ மூன்று மாதம் கழித்து ஒரு அட்டையில் இரண்டே வார்த்தை அனுப்புகிறாய், "எந்த வாசல்?" என்று! ஆன்கேயின் கையெழுத்து இல்லை, உன் கோழிக்கிறுக்கல்தான். பேருந்தை நிறுத்திவிட்டு அழுதேன். பிள்ளைகளெல்லாம் பயந்துபோனார்கள். நல்ல செய்திதான் என்று சொல்லி எல்லோருக்கும் டோனட் வாங்கிக் கொடுத்தேன், அதற்கும் ஒரு புகார் வந்திருக்கிறது.

அட்டை வந்த அன்றே ரோலண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி, இதை அங்கயே சொல்லியிருந்தா நானே மைக்கைப் பிடுங்கி உனக்காகப் பேசியிருப்பேனே. உன்ன வில்லின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறேன்!" என்றான். இப்போது அவனும் வருகிறான். லீக்கை இன்னும் மன்னிக்கவில்லையாம், அங்கே நடக்கும் அநியாயத்தை நேரில் பார்க்கத்தான் வருகிறானாம். நம் பின்னாலேயே இடம் வாங்கியிருக்கிறான். கழுத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வா.

இன்னொரு வெற்றிச் செய்தி! சங்கு வருகிறது. பதிவு அல்ல, நிஜச் சங்கு. ஆலைக் கூரையிலிருந்து கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். முதல்முறை ஊதும்போது லீனாவின் காதைப் பொத்திக்கொள். அவளுக்குத் தனி டிக்கெட் தேவையில்லை, விசாரித்துவிட்டேன், மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். அப்பா மடியில் நீ உட்கார்ந்திருந்த அதே ஏழாம் எண். அவளுக்கு ஒரு குட்டிச் சட்டை பின்னியிருக்கிறேன், அளவு தெரியாமல் கொஞ்சம் பெரிதாக.

இனி எழுதப் போவதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

அப்பாவை அடக்கம் செய்த ஞாயிறன்று நீ வாசலில் நின்று, "அப்பாவைப் புதைச்ச அன்னைக்கும் உனக்கு மேட்ச்தானா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா, சீட்டைக் காலியாப் போடாதீங்க." உன் டிக்கெட்டைச் சமையலறை மேசையில், உப்புக் குப்பிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் போனேன். எப்படியும் பார்ப்பாய், பின்னாலேயே வருவாய் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது நீ விமானம் பிடிக்கக் கிளம்பிவிட்டிருந்தாய். டிக்கெட் அங்கேயே கிடந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் யாரோ கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பாத்திரம் அதன் மேல் இருந்தது. நீ அதைப் பார்த்தாயா, பார்க்கவே இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இருபது வருட ஆட்டங்களின் முடிவை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்த ஒரு ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேள், தெரியாது. மைதானத்தை நான் பார்க்கவே இல்லை. நீ வருகிறாயா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டை அப்படி வைத்துவிட்டுப் போனது என் தப்பு. உன் கையில் கொடுத்து, வாடா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். உன்னைத் தனியே துக்கக்காரர்களோடு விட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள்.

இந்த உறைக்குள் உன் டிக்கெட் இருக்கிறது. பதினேழாம் வரிசை, ஏழு. அடையாள அட்டையை மறக்காதே. குளிர் அதிகமாக இருக்கும், லீனாவுக்குக் கம்பளிக் குல்லா போடு. நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

எந்த வாசல் என்று கேட்டாயே, வடக்கு வாசல். ஆட்டம் மூன்றரைக்கு. நான் ஒரு மணிக்கே வந்து நிற்பேன். ரயில் தாமதமானாலும் பதறாதே, மெதுவாக வா. சங்கு ஊதினாலும் சரி, ஆட்டமே முடிந்தாலும் சரி, இந்தமுறை நீ வராமல் நான் உள்ளே போகமாட்டேன்.

உனக்காக வாசலில் நிற்கும் அக்கா,
வெர்னா