நான் பேசும்போது எழுபத்திரண்டு

ஓசூர்,
8.11.2025

அன்புள்ள யமுனாவுக்கு,

போனில் கேட்டால் சண்டையாகிவிடும். அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

நம் நிச்சயதார்த்தத்துக்கு நான் வாங்கித்தந்த ஸ்மார்ட் வாட்ச் உன் கையில் இருக்கிறது. அதன் கணக்கு என் போனில் இருக்கிறது. “எவ்வளவு நடக்கிறேன்னுதானே, பாத்துக்குங்க” என்று நீதான் சொன்னாய். நாடித்துடிப்பும் அதில் தெரியும்.

வியாழன் மாலை சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் உனக்கு நூற்று இருபது. உன்னோடு லேபில் வேலை பார்க்கும் அமிர்தராஜ் வண்டியில் வந்ததாகச் சொன்னாய். அண்ணன் என்றாய். எந்த அண்ணனோடு வந்தால் தங்கைக்கு இப்படி அடித்துக்கொள்ளும்?

நானும் தினமும் பேசுகிறேன். அப்போது உனக்கு எழுபத்திரண்டு. கல்யாண மண்டபம் கிடைத்துவிட்டது என்று சொன்னபோதும் எழுபத்திரண்டு. வாட்ச்சில் கோளாறு இல்லை, உனக்குத் தரும் முன்பே என் கையில் கட்டிச் சோதித்திருக்கிறேன்.

பதில் எழுது.

நவநீதன்


ஸ்ரீரங்கம்,
13.11.2025

அன்புள்ள உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மா உங்களைக் கேட்டார்கள். நலம் என்று சொல்லிவைத்தேன்.

அன்றைக்கு வண்டியை ஓட்டியது நான். அமிர்தராஜ் அண்ணன் பின்னால் உட்கார்ந்து, “பிரேக்கப் பிடிம்மா, பிரேக்கு” என்று கத்திக்கொண்டே வந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி ஒட்டி வந்தது. அடுத்த முறை நீங்கள் வரும்போது ஜங்ஷனுக்கு நானே வந்து ஏற்றிக்கொண்டு போக நினைத்திருந்தேன்.

உங்களோடு பேசினால் எனக்கு மனசு அமைதியாக இருந்தது. அதனால்தான் இந்தச் சம்பந்தத்துக்குச் சரி என்றேன். அது உங்களுக்குக் குறையாகத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதன் பிறகு நீங்கள் போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. அப்போது என் நாடி என்ன காட்டியது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கல்யாணம் வேண்டுமா என்று சொல்லுங்கள்.

வாட்ச்சை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

யமுனா


ஓசூர்,
17.11.2025

யமுனாவுக்கு,

பார்த்தேன். நூற்று இருபத்தாறு. அமிர்தராஜோடு வந்தபோது இருந்ததைவிட அதிகம். ஒரு நிமிடம், ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவர்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். உனக்கு வண்டி ஓட்ட நான் சொல்லித்தந்திருக்க வேண்டும்.

கணக்கை அழித்துவிட்டேன். நீ எழுதும்வரை போன் செய்யமாட்டேன்.

எனக்குக் கல்யாணம் வேண்டும். உனக்கு வேண்டுமா என்று நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

நவநீதன்