கலந்த அரிசி

போன மாதம் உன் வீட்டு வாசலில் வாய்க்கரிசித் தட்டை நீட்டினார்கள். வரிசையில் நான் ஏழாவதோ எட்டாவதோ. தட்டில் பச்சரிசியோடு புழுங்கலும் கிடந்தது. அவசரத்தில் யாரோ எந்தப் பானையிலிருந்தோ அள்ளி வந்திருக்க வேண்டும். உன் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டார். "இன்னாமே இது, பச்சரிசி தனியா எடுக்கத் தெரியாது? கலந்து கொட்டி வச்சிகினு கீறீங்க" என்று பெண்களிடம் எரிந்து விழுந்தார். தட்டு உள்ளே போய் வேறு தட்டு வரும்வரை நீ வெயிலில் கிடந்தாய். இந்தக் கடிதத்துக்குக் காரணம் அந்தத் தட்டுதான். அன்று எனக்கு அழுகை வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்து நாலு வயது உனக்கு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறையில் ஐந்து வருஷம் ஆசிட் புகைக்குள் நின்றாய். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணிகூட அங்கே தரவில்லை. இருமலுக்கு லீவு கேட்டால், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஏது லீவு என்றார்கள். கடைசியில் பட்டறையிலிருந்து மாலை வந்தது. பெரிய மாலை. அதைத் தூக்கி வந்த ஆளுக்கும் இருமல் இருந்தது.

நாம் பத்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் மாணவர் மன்றம் அரிசிப் போட்டி நடத்தியது. ஆசிரியர்கள் தலையிடவில்லை, எல்லாம் நாங்களேதான். பத்து நாளில் எந்த வகுப்பு அதிக அரிசி சேர்க்கிறதோ, அந்த வகுப்பு பூந்தமல்லிக்குப் பக்கத்திலிருந்த ஏழைப் பிள்ளைகள் விடுதிக்கு வேனில் போகும். அரிசியைக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்குத் தன் கையால் பரிமாறும். பரிசே அதுதான். பசித்தவர்கள் தட்டில் சோறு போடுவதை ஒரு பரிசாக வைத்தோம் என்பது அப்போது எங்களில் ஒருவனுக்கும் உறுத்தவில்லை.

மன்றத்தின் செயலாளர் நான். பச்சரிசியும் புழுங்கலும் கலந்தால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது, அதைச் சமைக்க முடியாது என்று தன் அம்மா சொன்னதாக ஒருவன் சொன்னான். உடனே விதி போட்டோம். 'கலந்த அரிசி எடை போடப்படாது' என்று அறிவிப்புப் பலகையில் எழுதியது என் கையெழுத்து. அழகாக எழுதியிருக்கிறேன் என்று தமிழாசிரியர்கூடச் சொன்னார்.

நம் பி பிரிவில் பாதிப் பேர் வீட்டிலிருந்து ஒரு படி கொண்டுவந்ததோடு சரி. நீ மட்டும் தினம் மாலையில் கள்ளிக்குப்பத்துத் தெருக்களில் ஏறி இறங்கினாய். அது முடிந்ததும் அண்ணனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ். ஒரு வீட்டில் பச்சரிசி ஒரு கைப்பிடி, அடுத்த வீட்டில் ரேஷன் புழுங்கல் ஒரு டம்ளர். ஏ பிரிவில் யாரும் எந்தத் தெருவிலும் ஏறவில்லை. அந்த வகுப்பில் அரிசி மண்டிக்காரர் மகன் இருந்தான். அவன் அப்பா இரண்டு மூட்டைகளைத் தைத்த வாய் பிரிக்காமல் அனுப்பிவைத்தார்.

கடைசி நாள் மதியம் சைக்கிளில் இரண்டு மூட்டைகளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாய். தராசுக்குப் பக்கத்தில் நான் ஒன்றை அவிழ்த்துக் கையை விட்டேன்.

"கலந்திருக்குடா."

"ஊடு ஊடா வாங்குனா கலக்காம எப்டிடா வரும்? ஒவ்வொரு ஊட்டுக்கும் தனித்தனியா பை தூக்கினு போவணுமா?"

"போர்டுல போட்டிருக்கு."

"போட்டது நீதான?"

மண்டிக்காரர் மகன் சிரித்தான். "மாமே, கோழிக்குப் போடு. அது பிரிச்சி துன்னும்."

நீ அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூட்டைகளை வராந்தாவுக்கு இழுத்துப்போய், செய்தித்தாள் விரித்து, கொட்டி, உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாய். வெள்ளை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். எடை நாலு மணிவரை. கொஞ்ச நேரம் கழித்து நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எதுக்குடா இவ்ளோ? ஒரு வேன் சவாரிக்கா?"

நீ குனிந்தபடியே சொன்னாய்: "எங்க செல்வி அங்கதான்டா கீறா."

உனக்குத் தங்கை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு, இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று உன் அம்மா அவளை விடுதியில் சேர்த்திருந்தார்.

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தபாதான் பாக்க உடுவாங்க. போன தபா அம்மாக்கு ஷிப்ட்டு, போவ முடில. வேன்ல போனா அவ தட்டுல நானே சோறு போடலாம்ல? எவன்கிட்டயும் சொல்லிடாத, மச்சான்."

மணி அடித்தபோது நாம் பிரித்தது ஒரு மரக்கால்கூட இருக்காது. உன் மூட்டைகளை அப்படியே தராசில் ஏற்றியிருந்தால் நம் வகுப்புதான் முதல். அது எனக்குத் தெரியும். ஒருவன் கத்தியிருப்பான், அவ்வளவுதான். நான் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, நேரம் முடிந்துவிட்டது என்றேன். சொந்த வகுப்பென்றும் பார்க்கவில்லை, நேர்மையானவன் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வயதில் அந்தப் பேர் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏ பிரிவோடு வேனில் போனேன். செயலாளர் அல்லவா. உன் மூட்டைகளும் வந்தன. போட்டிக்கு ஆகாதது தானத்துக்கு ஆகும் என்று ஏற்றிவிட்டார்கள். விடுதியில் சமைக்கிற ஆயா முதலில் அவிழ்த்ததே உன் மூட்டையைத்தான்.

"அது கலந்தது, வேகாது" என்றேன்.

"யார் சொன்னா? இங்க வர்றது எல்லாம் கலந்துதான்பா வரும். நாலு ஊட்டுல குடுத்தா நாலு அரிசி. கொஞ்சம் கொழையும், போவுது. எந்தப் புள்ள இங்க சோத்த ஆராய்ஞ்சிகினு துன்னுது?"

நான் பரிமாறிய வரிசையில், உன் முகத்தோடு ஒரு பெண் இருந்தாள். உன் பேரைச் சொல்லி, "அண்ணன் வர்லியா?" என்று கேட்டாள்.

"அவனுக்குப் பரீட்சை."

"ஞாயித்துக்கெழம கூடவா?"

"ஆமா" என்று சொல்லி, இன்னொரு கரண்டி போட்டுவிட்டு நகர்ந்தேன்.

திங்கட்கிழமை நீ கேட்டாய்: "பாத்தியா?"

"பாத்தேன். நல்லா சாப்ட்டா."

"என்னப் பத்தி எதுனா கேட்டாளா?"

"இல்ல."

தலையாட்டினாய். ஆயா சொன்னதையும் நான் சொல்லவில்லை. அந்த விதிக்கு அர்த்தமே இல்லை என்பதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு எட்டு வருஷம் டீக்கடையில், ரயிலில், உன் பட்டறை வாசலில் சந்தித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நீ வேறு எதையோ பேச ஆரம்பிப்பாய்.

நீ போன மூன்றாம் நாள் உன் வீட்டுக்குப் போனபோது செல்விதான் காபி கொடுத்தாள். தையல் கம்பெனியில் வேலை செய்கிறாளாம்.

"அன்னிக்கி எனக்கு சோறு போட்டது நீங்கதானண்ணா? அடுத்த தபா அண்ணன் வந்தப்ப, பரீட்ச எப்டி எயுதினன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் முயிச்சிகினு இருந்துச்சி. அப்பால, நல்லா எயுதினேன்னு சொல்லிச்சி. அந்த அரிசி வெந்துச்சான்னு கேட்டுச்சி. ஆயா ஒண்ணாதான் போட்டாங்க, நல்லாதான் இருந்துச்சின்னேன். அதுக்கு ஏன் அப்டி சிரிச்சிதுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரில."

எனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

ஆக, இரண்டே மாதத்தில் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் எழுதிய விதி வெறும் வாய்ப்பேச்சு என்பதும், உன் தங்கை உன்னைக் கேட்டாள் என்பதும், கேட்கவில்லை என்று உன் முகத்தைப் பார்த்தே நான் சொன்னேன் என்பதும். தெரிந்துகொண்டுதான் எட்டு வருஷம் என்னோடு டீ குடித்திருக்கிறாய். அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் சட்டையைப் பிடித்து நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம். உனக்கு நன்றாகத் திட்ட வரும், கண்டக்டர்களைத் திட்டிக் கேட்டிருக்கிறேன். எனக்கு வரவேண்டிய திட்டு அது. கொடுக்காமலே போய்விட்டாய். எந்த வார்த்தையில் ஆரம்பித்திருப்பாய் என்று பஸ்ஸில் போகும்போது யோசித்துக்கொண்டு போகிறேன்.